அம்மாவுக்கு ஒரு வாரம் லீவு: அரசாங்கம் காசு தருமா?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. அப்பம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, டிமென்ஷியா. சில வருடங்களாக அம்மாதான் தனியாகப் பார்க்கிறார். அம்மாவுக்கே சீனியும் பிரெஷரும் இருக்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பா, "இங்கே பராமரிக்கிற ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கக் கவுன்சில் காசு கொடுக்கும், ரெஸ்பைட் கெயார் என்று சொல்லுவார்கள், கொழும்பிலும் ஏதாவது இருக்கும், போய் விசாரி" என்றாராம். அப்படி ஏதாவது இருக்கிறதா, எந்த ஒபீஸுக்குப் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயரில் இலங்கையில் அரச உதவி எதுவும் இல்லை. திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போய் (வெள்ளவத்தை அதற்குள்தான் வருகிறது) ரெஸ்பைட் என்று கேட்டால், அன்பாக உட்காரவைத்து அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரச உதவித்தொகை) பற்றி விளக்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கையில் இருப்பது அவ்வளவுதான். சமூக சேவைப் பக்கம் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில், எது எங்கே இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் காசு எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. குடும்பத்தின் நிலையை 22 அளவுகோல்களை வைத்துப் பார்த்து, எந்த வகுப்பில் வருகிறதோ அதற்கேற்ற தொகை. அதோடு சேர்த்து மாற்றுத்திறனாளிகளுக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும், 70 வயது தாண்டிய வறிய முதியவர்களுக்கும் தனிக் கொடுப்பனவுகள் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதல் இரண்டும் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆகவும், முதியோர் கொடுப்பனவு 3,000 இலிருந்து 5,000 ஆகவும் கூட்டப்பட்டன. கூட்டியது நல்லது. ஆனால் எல்லாமே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. வெள்ளவத்தையில் சொந்த பிளாட், லண்டனில் சித்தப்பா, வீட்டில் ஒருவருக்குச் சம்பளம் என்றால் அந்தக் கதவு திறக்காது. உண்மையிலேயே கஷ்டப்படுகிற குடும்பத்துக்குக் கிடைத்தாலும் கொழும்பில் ஒரு ஆள் வைத்தால் 10,000 ரூபா சில நாட்களுக்குள் கரைந்துவிடும். பம்பஸ், மருந்து, கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் காசு என்று அது அதற்கு முன்பே போய்விடும் என்பது வேறு கதை.

ஊர்ப்பக்கம் பிச்சைச் சம்பளம் என்று சொல்வார்களே, அந்தப் பொதுசன உதவிப்பணம் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொறுப்பு. கொழும்பில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. 1939 ஆம் ஆண்டு வறியோர் கட்டளைச் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளிடம் வறியவர்களைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தது. அதனால்தான் இன்றும் மாநகர சபைக்கு இந்த விஷயத்தில் ஒரு கை இருக்கிறது. இதைப் பிறகு ஒரு காரணத்துக்காகத் திரும்பச் சொல்வேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2011 இல் திருத்தப்பட்டது. அதன்படி பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து, பிள்ளைகளிடமிருந்து மாதாந்தப் பணம் பெற உத்தரவு வாங்கலாம். தேசிய முதியோர் செயலகமும், பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இருப்பது இதன் தொடர்ச்சிதான். நல்ல சட்டம். ஆனால் உங்கள் வீட்டை வைத்துப் பாருங்கள். சட்டம் பேசுவது பிள்ளைகளின் கடமையைப் பற்றி, அதாவது உங்கள் அப்பாவையும் சித்தப்பாவையும் பற்றி. இரவு இரண்டு மணிக்கு எழும்பி மாமியைக் கொமோட்டுக்குக் கூட்டிப்போகிற மருமகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முதியவர் இருக்கிறார், காசு கொடுக்கவேண்டிய பிள்ளை இருக்கிறார், நடுவில் வேலை செய்கிற ஆள் இல்லை. நம் நாட்டுக் கொடுப்பனவுகளும் இதே கண்ணோடுதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன: நோயாளிக்கு எவ்வளவு வருமானம் என்று கேட்பார்கள், பார்க்கிற ஆள் எத்தனை மணிநேரம் தூங்குகிறார் என்று எந்தப் படிவமும் கேட்காது.

வேலைக்குப் போகிறவர் பராமரிக்கிறார் என்றாலும் இதே நிலைதான். தனியார் துறையில் கடை, ஒபீஸ் ஊழியர்களுக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருட விடுமுறையும் 7 நாள் தற்செயல் விடுமுறையும். பராமரிப்புக்கென்று தனி லீவு கிடையாது. அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் நிற்பதென்றால் அந்த நாட்களைத்தான் எடுக்கவேண்டும்.

இனி சித்தப்பா சொன்னது. பாதி சரி. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பராமரிக்கிறவருக்கு என்ன தேவை என்று கவுன்சில் தனியாக மதிப்பீடு செய்யவேண்டும். ஓய்வுக்கான உதவி அதிலிருந்து வரலாம். ஆனால் நோயாளியின் சொத்தையும் வருமானத்தையும் அங்கும் பார்ப்பார்கள். வாரத்துக்கு 35 மணிநேரமாவது பார்க்கிறவருக்கு, சம்பாத்தியம் ஒரு எல்லையைத் தாண்டாவிட்டால், 2025-26 கணக்கில் வாரம் 83.30 பவுண் கிடைக்கும். அதை வைத்து லண்டனில் யாரும் ஓய்வெடுக்க முடியாது, சித்தப்பாவுக்கே தெரியும்.

உண்மையில் பார்க்கவேண்டியது ஜெர்மனியையும் ஜப்பானையும். ஜெர்மனியில் 1995 இலிருந்து கட்டாயப் பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். வீட்டில் பார்க்கிறவர் வருத்தமாகிவிட்டால், அல்லது சும்மா ஊருக்குப் போக ஆசைப்பட்டால், மாற்று ஆள் வைக்கவோ நோயாளியைக் கொஞ்ச நாள் நிலையத்தில் விடவோ காப்புறுதி கொடுக்கும். 2025 ஜூலை முதல் இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 3,539 யூரோ வரை, எட்டு வாரம் வரை. நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று காட்டும் பராமரிப்புத் தரம் இரண்டோ அதற்கு மேலோ இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஏழையா பணக்காரரா என்ற கேள்வி இல்லை. ஜப்பான் 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் கட்டணம் கட்டுவார்கள். செலவில் பாதி அதிலிருந்து, மீதி வரிப்பணத்திலிருந்து. பாவிக்கிறவர் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை கொடுக்கவேண்டும். அங்கே காலையில் பகல் நிலையத்து வான் வந்து முதியவரை ஏற்றிப்போய் பின்னேரம் கொண்டுவந்து விடும். சில நாட்கள் தங்கவைக்கும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கிடைப்பது காசு இல்லை, மணிநேரம்.

இவை பணக்கார நாடுகள், நம்மால் முடியுமா என்பீர்கள். பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 2010 இல் ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள்: படுக்கையில் கிடக்கிறவர்களை முழுநேரமாகப் பார்க்கிறவருக்கு மாதம் சில நூறு இந்திய ரூபா. தொகை அற்பம்தான். ஆனால் படிவத்தில் பராமரிக்கிறவரின் பெயர் வருகிறது. 2008 இலேயே வலி நிவாரணப் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கை எழுதி, வீடுதேடிப் போகும் தாதிமாரைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விட்டார்கள். தாதி வந்து நிற்கிற அரைமணி நேரம் கூட வீட்டில் இருக்கிறவருக்கு மூச்சு விடுகிற நேரம்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிக்க நம்மிடம் ஆளும் இருக்கிறது, பாடத்திட்டமும் இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைத் தராதரத்தோடு கோர்ஸ் நடக்கிறது. படித்து முடிப்பவர்களில் பலருக்குக் கண் இஸ்ரேலிலும் ஜப்பானிலும்தான், அரசாங்கமே அந்த நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறது. போகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தச் சம்பளத்துக்கு யாரும் போவார்கள். ஆனால் ஹைஃபாவில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டப் பழக்கிவிடும் அரசாங்கத்துக்கு வெள்ளவத்தைப் பாட்டி கண்ணில் படவில்லையே. அந்தப் பயிற்சியில் ஒரு பகுதியை உள்ளூர்ப் பகல் நிலையத்தில் செய்யவேண்டும் என்று ஒரு விதி போட்டால் ஆள் பிரச்சினை பாதி தீரும். செலவும் பெரிதாக இல்லை.

சரி, கோபம் போதும். உங்கள் அம்மாவுக்கு இந்த வருடத்துக்குள் சில நாட்கள் ஓய்வு வேண்டும். கொழும்பில் அது எங்கே கிடைக்கும்?

டிமென்ஷியா என்பதால் முதலில் மருதானை கெத்தாவலமுல்ல ஒழுங்கையில் இருக்கும் லங்கா அல்ஸைமர்ஸ் பவுண்டேஷனைப் பாருங்கள். 2001 இலிருந்து இயங்குகிற தொண்டு நிறுவனம். நோயாளிகளைப் பகலில் சில மணிநேரம் ஈடுபாட்டோடு வைத்திருக்கும் நிலையம் அங்கே இருக்கிறது, குடும்பத்தாருக்கு ஆலோசனையும் சொல்வார்கள். எந்த நாட்களில் எடுப்பார்கள், தமிழ் பேசுகிற ஆள் இருப்பாரா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குக் காலை நெரிசலில் போவது அப்பம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் பெரிய கேள்வி. முதல் தடவை ஒரு மணிநேரம் இருந்துவிட்டு வாருங்கள், அழுதாலும் பயப்படாதீர்கள், இரண்டாம் மூன்றாம் தடவையில் பழகுகிறவர்கள் உண்டு.

பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, உங்கள் பிரிவில் முதியோர் சங்கங்கள் நடத்தும் பகல் நிலையம் ஏதாவது இயங்குகிறதா என்று கேளுங்கள். இவை பெரும்பாலும் நடமாடக்கூடிய, தெளிவாகப் பேசக்கூடிய முதியவர்களுக்கானவை. டிமென்ஷியா முற்றிய ஒருவரை எடுக்கத் தயங்குவார்கள். ஆனாலும் அந்த உத்தியோகத்தரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் முதியோர் செயலகத்தினுடையது, பயிற்சி முடித்த யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று அவர் மூலம் கேட்கலாம். போகும்போதே அப்பம்மாவின் முதியோர் அடையாள அட்டையையும் எடுத்துவிடுங்கள், 60 வயது தாண்டிய எல்லோருக்கும் அது உண்டு, வருமானம் பார்ப்பதில்லை.

தனியார் முதியோர் இல்லங்களில் சில, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானைப் பக்கம், கொஞ்ச நாளுக்கும் ஆட்களை எடுக்கின்றன. முதியோர் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு ஆள், இரவில் யார் முழித்திருப்பது, வயதானவர்களைக் கதிரையில் கட்டிவைத்திருக்கிறார்களா, மூத்திர வாசனை எவ்வளவு, இதெல்லாம் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். வரவேற்பறையில் மீன்தொட்டி இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு மிகச் சரியாக வருவது வீட்டுக்கே ஆள் வருவதுதான். டிமென்ஷியா உள்ளவரை இடம் மாற்றினால் குழப்பம் கூடும். கொழும்பில் ஏஜென்சிகள் இருக்கின்றன, பகலுக்கு மட்டும், இரவுக்கு மட்டும், வீட்டோடு தங்கி என்று மூன்று வகையிலும் ஆள் அனுப்புவார்கள். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. இளமையில் கோட்டையிலோ புறக்கோட்டையிலோ வேலை பார்த்துச் சரளமாகச் சிங்களம் பேசிய மனிதர்கள் கூட, டிமென்ஷியா முற்றும்போது பிறகு படித்த மொழியை முதலில் விட்டுவிடுவதுண்டு. வருகிற பிள்ளை எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும் சிங்களத்தில் "நோனா" (அம்மணி) என்று கூப்பிட்டால் அப்பம்மாவுக்கு அது யாரோ அந்நியர். ஆகவே தமிழ் பேசுகிற ஆள்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பலர் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து வருகிறார்கள்.

இதில் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. வீட்டு வேலைக்காரருக்கு நம் நாட்டில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூடக் கிடையாது, வீட்டு வேலையாட்களைப் பதிவது பற்றி அவர்களுக்கென்று எழுதிய கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டினது. உங்கள் அம்மா ஓய்வெடுக்கவேண்டும் என்பதற்காக இருபத்தி நான்கு மணிநேரமும் ஒரு மலையகப் பிள்ளையை முழித்திருக்க வைத்தால், களைப்பைக் கை மாற்றிவிட்டோம், அவ்வளவுதான். இரவுக்கு ஒருவர், அல்லது இரவு எழும்பவேண்டி வந்தால் பகலில் நிச்சயமாகத் தூங்க நேரம், வாரம் ஒருநாள் முழு லீவு. இதை ஏஜென்சியோடு பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆள் வருவதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து ஒரு தாள் எழுதுங்கள். டொக்டர் சொன்னது அதில் கொஞ்சம் போதும், அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது நிறைய வேண்டும். உதாரணத்துக்கு இப்படி: மாத்திரையை மசித்த கோழிக்கூட்டு வாழைப்பழத்துக்குள் வைத்தால் விழுங்குவார், நசுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டாயிற்று. குளிக்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல், "கோயிலுக்குப் போகவேணும்" என்று சொன்னால் எழும்புவார். பின்னேரம் நாலரைக்கு "வீட்டுக்குப் போகவேணும்" என்று தொடங்குவார், அவர் சொல்லும் வீடு சாவகச்சேரியில் இருந்த வீடு. இதுதான் வீடு என்று வாதாடக் கூடாது, கிணற்றடி எப்படி இருந்தது என்று கேட்டால் அமைதியாவார். பல்கனிக் கதவின் மேல்கொண்டியைப் போடவேண்டும். லிப்ட் நின்றால் எந்த வீட்டுத் தம்பியைக் கூப்பிடுவது. அவசரமென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. இந்தத் தாள் இல்லாமல் அம்மாவை எங்கே அனுப்பினாலும் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார், அது ஓய்வாகாது.

காசுக்குச் சித்தப்பாதான். கடுமையாகச் சொல்வதாக நினைக்கவேண்டாம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அனுப்பும் பணம் வீட்டுச் செலவோடு சேர்ந்து எங்கேயோ போய்விடும். தாங்கள் உதவுகிறோம் என்று அவர்களும் நினைப்பார்கள், ஒன்றும் மாறவில்லை என்று இவர்களும் நினைப்பார்கள். சித்தப்பாவிடம் தொகையாகக் கேட்காமல் நேரமாகக் கேளுங்கள். "மாதத்தில் நான்கு சனிக்கிழமை, காலையிலிருந்து இரவு வரை ஒரு ஆளின் சம்பளம் உங்களுடையது, அந்தக் காசை நேரே ஏஜென்சிக்கு அனுப்புங்கள்." வீட்டுக் கணக்கில் விழுந்தால் அந்தச் சனிக்கிழமையை அம்மாவே விட்டுக்கொடுத்துவிடுவார், "இந்த மாதம் வேண்டாம், கரண்ட் பில் கூட" என்று. அப்புறம், சித்தப்பா லீவில் வரும்போது அந்த இரண்டு வாரமும் அப்பம்மாவை அவரே பார்க்கட்டும். உறவுக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவது பிறகு.

அம்மாவின் கிளினிக் நாளை யாரும் தள்ளிப்போட விடாதீர்கள். மனம் நொந்து போயிருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனம் நடத்துவது, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, அரசாங்கத்திடம் கேட்கவே கூடாதா? கேட்கவேண்டும், ஆனால் எதைக் கேட்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. பராமரிப்பாளர் கொடுப்பனவு என்று மாதம் சில ஆயிரம் கேட்டால், கொடுத்தாலும் அது பம்பஸ் காசாகிவிடும், அம்மா வீட்டிலேயே இருப்பார். ஒவ்வொரு பிரிவிலும் டிமென்ஷியா உள்ளவர்களையும் எடுக்கக்கூடிய ஒரு பகல் நிலையம், கூட்டிப்போய்க் கொண்டுவிட ஒரு வான், இதைக் கேட்கவேண்டும். கொழும்பில் மாநகர சபைக்குச் சமூக மண்டபங்கள் இருக்கின்றன, பகலில் பல சும்மா கிடக்கின்றன. மேல் மாகாண சபையின் காலம் 2019 இலேயே முடிந்துவிட்டது, அங்கே கேட்க உறுப்பினரே இல்லை. மாநகர சபைக்கு 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது, உங்கள் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். 1939 சட்டத்தைச் சொன்னது இதற்குத்தான்: "இது சபையின் வேலை இல்லை" என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக் காட்டலாம்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் ஒவ்வொரு விண்ணப்பம், தமிழிலேயே எழுதலாம். கடந்த மூன்று வருடத்தில் முதியோர் பகல் நிலையங்களுக்கு இந்தப் பிரிவில் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, டிமென்ஷியா உள்ளவர்களை எடுக்கும் நிலையம் எத்தனை என்று மூன்றே கேள்வி. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். உங்கள் தொடர்மாடியிலேயே இப்படிப் பார்க்கிற இன்னும் இரண்டு மூன்று வீடுகள் நிச்சயமாக இருக்கும். அவர்களையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பதில்களோடு உறுப்பினரிடம் போங்கள், மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருவதற்கு முன்.